காயத்துக்கு நாற்பது பக்கம், ஆறுவதற்கு நாலு பக்கம்

என் நாவலை முந்நூறு பிரதி அச்சடித்தேன். 240 பக்கம், டெமி அளவு. டிடிபி, அட்டை, அச்சு எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் கைக்காசு. 61 பிரதி போயிருந்தபோது விற்பனையை நானே நிறுத்தினேன். முதலில் எழுத இரண்டு வருடம், மறுபடி எழுத இன்னும் பதினான்கு மாதம். கதை இதுதான்: கரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவைக்குப் படிக்க வருகிற ஒரு பெண். சின்ன வயதில் உறவுக்காரன் ஒருவன் செய்த கொடுமையை யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறாள். விடுதி அறையில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள ஆரம்பிக்கிறாள். பிறகு மெல்ல மெல்ல மீள்கிறாள். அந்த ‘மெல்ல மெல்ல’ என் நினைப்பில் மட்டும்தான் இருந்திருக்கிறது. வாசித்த உளவியல் நிபுணர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். முதல் வரியே, ‘காயத்துக்கு நாற்பது பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், ஆறுவதற்கு நாலு பக்கம்.’ எடுத்து எண்ணிப் பார்த்தேன். 41-ம் 5-ம். இரண்டு நாள் கோபமாக இருந்தது, அப்புறம் வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. இப்படி ஒரு கதை எழுத உட்காருகிறவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்களைத்தான் கீழே எழுதுகிறேன். என் சொந்தப் புலம்பல் இதோடு சரி.

பெரிய தப்பு ஏழாம் அத்தியாயத்தில். எதைக்கொண்டு, உடம்பில் எங்கே, எந்த அளவுக்கு, பிறகு எப்படி மறைத்தாள் என்று நான்கையும் வரிவரியாக எழுதியிருந்தேன். உள்ளது உள்ளபடி எழுதுகிறோம் என்ற பெருமை வேறு. அந்த நான்கில் ஒன்றுகூடக் கதைக்குத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே அந்த விளிம்பில் நிற்கிற வாசகிக்கு அந்தப் பக்கம் கதை இல்லை, செய்முறைக் குறிப்பு. இது புதிய கவலையும் இல்லை. ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774-ல் வெளியிட்ட வெர்தர் நாவலைப் படித்த இளைஞர்கள், தற்கொலை செய்துகொள்ளும் அதன் நாயகன் வழியிலேயே போகிறார்கள் என்று பயந்து லைப்சிக் நகரம் மறு வருடமே அதன் விற்பனைக்குத் தடை போட்டது. தற்கொலைச் செய்தியையோ கதையையோ பார்த்தும் படித்தும் அப்படியே பின்பற்றுவதற்கு ‘வெர்தர் விளைவு’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் எழுதுகிறவருக்கு இதைவிட முக்கியம் இதன் மறுபக்கம். மொஸார்ட் 1791-ல் அரங்கேற்றிய ‘மாயக் குழல்’ இசை நாடகத்தில் பாப்பகேனோ என்ற பாத்திரம் சாகத் துணியும்போது மூன்று சிறுவர்கள் வந்து, கையில் இருக்கும் மணியை ஆட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த நிலை வரைக்கும் போய் வேறு வழியில் சமாளித்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்தால் தற்கொலைகள் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்று 2010-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்குப் பாப்பகேனோவின் பெயரையே வைத்தார்கள். அதாவது, சமாளித்த விதத்தைத்தான் துல்லியமாக எழுத வேண்டும். நான் துல்லியத்தை எல்லாம் தப்பான பக்கத்தில் செலவு செய்திருந்தேன்.

திருத்திய அத்தியாயத்தில் அந்தக் காட்சி அறைக் கதவு சாத்துவதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வரியில் மறுநாள் காலை ஏழேகால், மெஸ்ஸில் பொங்கலுக்கு வரிசை. பின்னால் நிற்கிறவள், “ராத்திரியும் நீ சாப்பிடலயேடி” என்கிறாள். இவள் டீ டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்கிறாள். நாலு வரிதான். முன்னால் என்ன மனநிலை, பின்னால் என்ன தனிமை என்பது இரண்டும் தெரிந்தால் நடுவில் உள்ளது வாசகருக்குத் தானாகவே புரிந்துவிடும். அந்தச் சாப்பிடாத ராத்திரிக்குக் கதையில் பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அடுத்து, ஏன் செய்கிறாள் என்பது. ஊர் சொல்லும் இரண்டு காரணங்களுமே தப்பு. ஒன்று, “சாகப் பார்த்தா.” இன்னொன்று, “சீன் போடுறா.” பெரும்பாலும் சாகும் எண்ணம் இல்லாமல்தான் இது நடக்கிறது. தாங்க முடியாத கொந்தளிப்பை அடக்க, மரத்துப்போன மனதுக்கு எதையாவது உணரவைக்க, அல்லது தனக்குத் தானே தண்டனை கொடுக்க. யாருக்கும் தெரியாமல் செய்கிறவள் யாருடைய கவனத்துக்காகச் செய்வாள்? கொந்தளிப்பு கொஞ்ச நேரம் அடங்கும். உடனே வெட்கம், பயம், ரகசியம் எல்லாம் வரும், அந்த வெட்கமே அடுத்த கொந்தளிப்புக்கு விறகு. இந்தச் சக்கரம் புரியாமல் எழுதினால் பாத்திரம் பொம்மையாகிவிடும். 2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5, சாகும் எண்ணமில்லாத சுயகாயத்தை மேலும் ஆராய வேண்டிய தனி நிலையாகவே குறித்திருக்கிறது. அதற்காக இது ஆபத்தில்லை என்று எழுதிவிடவும் கூடாது. சுயகாயம் தொடர்ந்தால் பின்னாளில் தற்கொலை அபாயம் கூடுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆலோசகர் பாத்திரம் அவளிடம் சாகும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம். என் முதல் பிரதியில் யாரும் கேட்கவே இல்லை.

பழைய கொடுமை திரும்பி வருவதையும் சினிமாக் கண்ணோடு எழுதியிருந்தேன்: கறுப்பு வெள்ளைக் காட்சி, அலறல், வியர்வை. படமாக வருவதும் உண்டு. ஆனால் முதலில் உடம்புக்குத்தான் தெரியும். இரண்டாவது பிரதியில் விடுதி வாசலில் ஒரு பழைய மொபெட் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் அவளுக்கு வயிறு இறுகுகிறது, காது அடைக்கிறது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. வாசகருக்கும் எண்பது பக்கம் கழித்துத்தான் தெரியும். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேலும் இப்படித் தொடர்ந்தால்தான் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர் சொல்வார்கள். அதற்கு முன்னால் இருப்பது வேறு பெயரில் வரும். சம்பவம் நடந்த மறுவாரமே டாக்டர் பாத்திரத்தின் வாயால் “உனக்குப் பிடிஎஸ்டி” என்று சொல்லவைத்துவிடாதீர்கள்.

சிகிச்சைப் பகுதிதான் அந்த ஐந்து பக்கம். அதில் என்ன நடந்தது தெரியுமா? முதல் சந்திப்பிலேயே நாயகி எல்லாவற்றையும் கொட்டி அழுகிறாள், ஆலோசகரும் அழுகிறார், மழை பெய்கிறது. உண்மையில் இன்னும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் யாரும் முதல் நாளே பழையதைத் தோண்டமாட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே மீட்சியை மூன்று கட்டமாகச் சொல்லிவிட்டார். முதலில் பாதுகாப்பு, அப்புறம் நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுதல், கடைசியாக மறுபடி மனிதர்களோடும் வாழ்க்கையோடும் சேருதல். நாவலுக்கு இது ரெடிமேட் எலும்புக்கூடு. முதல் கட்டம் மட்டுமே பல மாதம் ஆகலாம். அந்தக் கட்டத்தில் செய்வது சாதாரண வேலை: பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் இருவரும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் ஒரே தாளில் முடிந்துவிடும். ஆறு படி. கொந்தளிப்பு வருவதற்கான அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய ஆட்கள், தொழில்முறை உதவி எண்கள், ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாமல் வைப்பது. நாயகி இந்தத் தாளை எழுதும் காட்சி ஒன்பது பக்கம் வந்தது. நாலாவது படியில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு இடம் நான் எழுதிய அத்தனை அழுகைக் காட்சிகளையும்விடக் கனமாக வந்தது.

இதற்கு நேர் எதிரானது நம் வீடுகளில் நடப்பது, “அம்மா தலைல அடிச்சு சத்தியம் பண்ணு, இனி செய்யமாட்டேன்னு.” என் முதல் பிரதியில் உச்சக்கட்டமே இதுதான். சத்தியம் கொந்தளிப்பை நிறுத்தாது. அடுத்த முறை நடந்தால் அம்மா தலையில் வைத்த கையும் சேர்ந்து உறுத்தும், அதை மறைக்க இன்னொரு பொய் வேண்டும். ஆலோசனை அறையிலும் இப்படி ஒப்பந்தம் எழுதி வாங்கும் பழக்கம் இருந்தது, அதனால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பலரும் கைவிட்டுவிட்டார்கள். சத்தியக் காட்சி வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள், அது உடைவதையும் எழுதுங்கள்.

எந்தச் சிகிச்சை என்று பெயர் சொல்ல நினைத்தால், இதற்கென்றே உருவானது டிபிடி எனப்படும் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி. உருவாக்கியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லைனஹன். தன் இளமையில் தானும் இதே நிலையில் இருந்தவர் என்பதை 2011-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். முழு வடிவம் வழக்கமாக ஒரு வருடம்: வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழுப் பயிற்சி, இடையில் நெருக்கடி வந்தால் போனில் வழிகாட்டல். போன் விஷயத்தில் ஒரு விதி இருக்கிறது, காயப்படுத்திக்கொள்வதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம், செய்த பிறகு 24 மணி நேரம் ஆலோசகரை அழைக்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு. கேட்க இரக்கமில்லாத விதி போலத் தோன்றும். செய்ததற்குப் பரிசாக ஆறுதல் கிடைக்கக் கூடாது, முன்னாலேயே கேட்கப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்த ஒரு விதியை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழைக்கலாமா வேண்டாமா என்று அவள் மொட்டைமாடியில் நடக்கும் இருபது நிமிஷம் எனக்கு அப்படி வந்ததுதான். முழு அமைப்போடு டிபிடி எல்லா ஊரிலும் கிடைத்துவிடாது, அதனால் கோவையிலேயே இருந்தாலும் நாயகிக்கு அதன் சில பயிற்சிகள் மட்டும் கிடைப்பதாக எழுதினேன்.

அதில் ஒன்று சங்கிலி ஆய்வு. ஏன் செய்தாய் என்று கேட்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்ததைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிக் கேட்பார்கள். முந்தின நாள் தூக்கம் எவ்வளவு? ராத்திரி சாப்பிட்டாயா? எந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள்? உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது? அப்போது மனதில் ஓடிய வாக்கியம் என்ன? எந்தக் கண்ணியில் வேறு ஏதாவது செய்திருக்க முடியும்? அந்தச் சாப்பிடாத ராத்திரியும் மொபெட் சத்தமும் இங்கேதான் ஒன்றாகக் கோர்த்துக்கொள்கின்றன. துப்பறியும் கதைக்கு உள்ள விறுவிறுப்பு இதில் இருக்கிறது, துப்பறிகிறவளும் அவளேதான். இன்னொன்று தினசரி அட்டை. அன்றைய உந்துதல் எவ்வளவு என்று 0-விலிருந்து 5 வரை மதிப்பெண் போடுவாள். நான் சில அத்தியாயங்களைத் தலைப்பே இல்லாமல் அந்த எண்ணோடு தொடங்கினேன்: 4. 4. 5. 3. 4. 2. மீட்சி நேர்கோடு இல்லை என்பதைச் சொல்ல அதற்குமேல் ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை.

கொந்தளிப்பைத் தணிக்க டிபிடியில் சொல்லித்தரும் குளிர்ந்த நீர்ப் பயிற்சி எல்லாக் கதையிலும் தப்பாக வருகிறது. முகம் கழுவிக்கொள்வது இல்லை அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண், கன்னம் நனைய முகத்தைக் குளிர்ந்த நீரில் கிட்டத்தட்ட அரை நிமிஷம் வைக்க வேண்டும். முங்கும்போது உடம்பு இயல்பாகவே இதயத் துடிப்பைக் குறைக்கும், அந்த அனிச்சைச் செயலைப் பயன்படுத்துகிறார்கள். இதய நோய் உள்ளவர்களும் உணவுக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சித்திரை மாத மத்தியானத்தில் விடுதி மேல்தொட்டித் தண்ணீர் வெந்நீராகத்தான் வரும், அதில் முகத்தை வைத்து என்ன ஆகப் போகிறது? என் நாயகி மெஸ் அக்காவிடம் போய் ஐஸ் கேட்கிறாள். “எதுக்கு கண்ணு?” என்ற கேள்விக்கு முதல் தடவையாகப் பொய் சொல்லாமல், “மனசு சரியில்லைங்க்கா” என்கிறாள். பாதுகாப்புத் தாளில் நாலாவது படிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. மருந்து எழுதுவது மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட் எழுத முடியாது. இருவரையும் ஒரே ஆளாக்கிவிடாதீர்கள். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சாப்பிட்ட அன்றே வேலை செய்யாது, பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் தூக்கக் குழப்பமும்தான் பரிசு. 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாகும் எண்ணம் கூடக்கூடும் என்பதால் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை உண்டு. நன்றாகிவிட்டது என்று நாமாகவே சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம். அரசு மருத்துவமனைக் காட்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிற டாக்டர் வேண்டாம். ஓபி சீட்டு, நீள வரிசை, பத்து நிமிஷம், மருந்து வாங்க இன்னொரு வரிசை. அதையும் மீறி அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நல்ல கேள்வி கேட்கிற டாக்டரை எழுதுங்கள், அது நம்பும்படி இருக்கும். மயக்க மருந்து இல்லாமல் ஷாக் கொடுக்கும் சினிமாக் காட்சியை விட்டுவிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது.

சட்டத்தில் எனக்கு விழுந்த அடி பலமானது. முதல் பிரதியில் நாயகிக்குப் பதினேழு வயது. பள்ளி ஆலோசகரிடம் மாமா முறைக்காரன் செய்ததைச் சொல்கிறாள், அவர் “இது நமக்குள்ளேயே இருக்கட்டும்மா” என்கிறார். வாசகர்களுக்குப் பிடித்த காட்சி. ஆனால் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். என் கருணைமிகு ஆலோசகர் சட்டப்படி குற்றவாளி! இரண்டு வழி இருந்தது. புகாரை எழுதுவது, அல்லது வயதைக் கூட்டுவது. புகாரை எழுதினால் அதற்கும் முறை உண்டு: வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். நான் அவளுக்குப் பத்தொன்பது வயதாக்கினேன், அதனால் முப்பது பக்கம் போயிற்று. குற்றம் நடந்தபோது அவள் குழந்தை என்பதால், வயதைக் கூட்டியதோடு இந்தக் கடமை தீர்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். போலீஸ் மிரட்டும் காட்சி ஒன்றும் போனது. தற்கொலைக்கு முயன்றவர் வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு அப்படியே வரவும் இல்லை. ‘கேஸ் ஆகிவிடும்’ என்ற பயம் மட்டும் ஊரில் அப்படியே இருக்கிறது, அதைப் பாத்திரத்தின் பயமாக எழுதலாம்.

காதலன் தழும்பில் முத்தமிட்டான், நோய் தீர்ந்தது. இப்படித்தான் முதல் பிரதி முடிந்தது. எழுதிய கையை என்ன செய்வது! மீட்சி இன்னொருவரின் வேலையாகிவிட்டால், அவன் போன அன்று எல்லாமே போய்விடும். அந்த இடத்துக்கு அம்மாவைக் கொண்டுவந்தேன், அம்மாவையும் தப்பு செய்ய விட்டேன். முதலில் தாயத்துக் கட்டுகிறாள். பிறகு தினமும் படுக்கும் முன் “கையைக் காட்டு” என்று சோதிக்கிறாள், அதில் நிலைமை மோசமாகிறது. ஆலோசகர் அம்மாவையும் கூப்பிட்டுப் பேசிய பிறகு, அடுத்த முறை கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, “மருந்து எதாச்சு போடணுமா கண்ணு?” என்று மட்டும் கேட்கிறாள். மறுநாள், “எப்பப் பேசத் தோணுதோ அப்பப் பேசு, நான் இங்கதான் இருப்பேன்.” இந்த வரிசைதான் முக்கியம், காயத்துக்கு மருந்து முதலில், காரணம் பிறகு. சறுக்கலையும் எழுதியாக வேண்டும். ஏழு மாதம் ஒன்றும் இல்லாமல் இருந்து ஒரு நாள் நடக்கிறது. அந்த ஏழு மாதமும் வீணில்லை என்று அவளுக்குப் புரிய இரண்டு அத்தியாயம் ஆகிறது.

தழும்பு மூன்று மாதத்தில் மறையாது. முதலில் சிவந்தோ கறுத்தோ தடித்திருக்கும், நிறம் இறங்க ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் ஆகும், நம் தோலில் நிறமாற்றம் நெடுநாள் நிற்கும். இதற்காக ஒரு காட்சி. அக்காவின் வளைகாப்பு, வளையல்காரர் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு கை போடுகிறார்கள். இவள் முறை வருகிறது. அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நொடி பார்க்கிறார். முதல் பிரதியில் இங்கே சித்தி ஒருத்தி அலறினாள். இப்போது அவர், “ரெண்டு நாலு இறுக்குமுங்க கண்ணு, ரெண்டு ஆறு போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டு, கை எலும்பை மடக்கிப் பச்சைக் கண்ணாடி வளையலை ஏற்றுகிறார். அவ்வளவுதான்.

எழுதுகிறவரின் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதிகளைப் பகலில் மட்டும், ஒரு அமர்வுக்கு 45 நிமிஷம், அதற்குமேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். ராத்திரி எழுதிய அத்தியாயங்கள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. தகவலுக்காக, மீண்டவர்களைத் தேடிப் போய்க் கதை கேட்காதீர்கள். உளவியல் நிபுணரின் நேரத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். எனக்கு ஆறு அமர்வு, 9,000 ரூபாய். அச்சுக்கு முன்னால் செய்திருந்தால் 46,000 மிஞ்சியிருக்கும். உதவி எண்ணைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது, தடுமாறிப்போன வாசகி கடைசிப் பக்கம் வரை வரமாட்டாள். முகப்பிலும், கனமான அந்த ஏழாம் அத்தியாயம் முடிகிற பக்கத்திலும் போட்டேன்: அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும், கட்டணம் இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கே அது தேவைப்பட்டாலும் அதே எண்தான்.

மீதி 239 பிரதியை என்ன செய்வது என்று ஒரு மாதம் யோசித்தேன். பழைய பேப்பர் கடைக்கு அப்படியே போட்டால் நடைபாதைப் புத்தகக் கடையில் அதே ஏழாம் அத்தியாயத்தோடு மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் அட்டையைக் கிழித்து, 83 முதல் 96 வரை உள்ள பக்கங்களை உருவி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிக் கொண்டுபோனேன். கிலோ 14 ரூபாய். 64 கிலோ இருந்தது.